பச்சை டிக் வந்துவிட்டது, பணம் வந்ததா?

கைப்பேசியில் காசு: வாசகர் கேள்வி பதில்

பணம் அனுப்பும் செயலிகளைப் பற்றி எதை வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சென்ற இதழில் எழுதியிருந்தேன். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே கேள்விதான், ஆளுக்கு ஒரு விதமாகக் கேட்டிருக்கிறார்கள்: இதை எப்படி நம்புவது? புதிய வாசகர்களுக்காக ஒரு வரி. என் அப்பா விருதுநகரில் கடைகளுக்குப் போர்டு எழுதியவர். நான் சென்னையில் ஒரு பணப் பரிமாற்ற நிறுவனத்தில் ஆறு வருடம் திரை வடிவமைப்பாளராக வேலை பார்த்தேன். எந்தப் பொத்தான் எங்கே இருக்க வேண்டும், என்ன நிறம், பணம் போனதும் என்ன வாசகம் வர வேண்டும் என்று முடிவு செய்யும் வேலை. இங்கே சொல்வதெல்லாம் அந்த மேசையில் உட்கார்ந்து பார்த்தவை.

போன மாதம் ஒரு பையன் எண்ணெய், அரிசி, பருப்பு என்று 1,850 ரூபாய்க்குச் சரக்கு வாங்கினான். ஸ்கேன் செய்து பச்சை டிக்கைக் காட்டினான். என் கடைப் பெயர், தொகை எல்லாம் சரியாக இருந்தது. ராத்திரி கணக்கு முடிக்கும்போது பார்த்தால் பணம் வரவில்லை. கண்ணால் பார்த்தது எப்படிப் பொய்யாகும்?
மளிகைக் கடைக்காரர், கோவில்பட்டி

அண்ணாச்சி, அந்தப் பையன் காட்டியது ஒரு படம், அவ்வளவுதான். பணம் அனுப்பும் செயலி போலவே தோற்றம் உள்ள போலிச் செயலிகள் சுற்றிக்கொண்டிருக்கின்றன. கடைப் பெயரையும் தொகையையும் தட்டினால் அதே பச்சை, அதே டிக், அதே மணியோசை வரும். வங்கிக்கும் அதற்கும் எந்தத் தொடர்பும் கிடையாது.

இதை எழுதும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. அந்த ஒரு திரைக்காக நானும் உடன் வேலை செய்தவர்களும் மாதக்கணக்கில் உழைத்திருக்கிறோம். டிக் எவ்வளவு வேகத்தில் விரிய வேண்டும், பச்சை வெயிலிலும் தெரியுமா, கண்ணாடி போடாத கடைக்காரருக்கு ஒரு கை தூரத்தில் இருந்து தொகையைப் படிக்க முடியுமா என்று பார்த்துப் பார்த்துச் செய்தோம். கடைக்காரர்கள் அந்தப் பச்சையைப் பார்த்தாலே போதும் என்று நினைக்கும் அளவுக்கு அது பழகிப்போனது. அந்தப் பழக்கத்தைத்தான் திருடர்கள் எடுத்துக்கொண்டார்கள். ஒரு திரையை நகல் செய்ய ஒரு ராத்திரி போதும்.

ஆகவே வாடிக்கையாளர் கையில் இருக்கும் போனில் என்ன தெரிந்தாலும் அது அவர் சொல்லும் சொல் மாதிரிதான். உங்கள் பக்கத்தில் இருந்து ஒன்று சொல்ல வேண்டும். கடைகளில் இருக்கும் பேசும் பெட்டியின் அருமை அங்கேதான். பேடிஎம் 2019-ல் சவுண்ட்பாக்ஸைக் கொண்டுவந்தது, பின்னால் போன்பே உள்ளிட்ட மற்றவர்களும் இறங்கினார்கள். அந்தப் பெட்டிக்குள் தனி சிம் இருக்கிறது. வாடிக்கையாளரின் போனோடு அது பேசுவதே இல்லை. பணம் உங்கள் கணக்குக்கு வந்தது என்ற செய்தி நிறுவனத்தின் சர்வரில் இருந்து நேரே பெட்டிக்கு வந்த பிறகுதான் அது தொகையைச் சொல்லும். போலிச் செயலியால் உங்கள் பெட்டியைப் பேச வைக்க முடியாது.

இந்தப் பெட்டியை நான் மதிப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. முன்பு கடைகளில் போய் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். "பணம் வரலையே தம்பி, கொஞ்சம் இருங்க" என்று கேட்கவே கடைக்காரர்கள் கூச்சப்படுவார்கள். தெரிந்த முகமாக இருக்கும், பின்னால் நான்கு பேர் நிற்பார்கள், சந்தேகப்பட்டதாக நினைத்துக்கொள்வாரோ என்று தயங்குவார்கள். ஏமாற்றுகிறவன் பிழைப்பது அந்தக் கூச்சத்தில்தான். பெட்டி வந்த பிறகு யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை. அது பேசும், இரண்டு பேருக்கும் கேட்கும், முடிந்தது. மனிதர்களுக்கு நடுவில் இருக்கும் மரியாதையைக் கெடுக்காமல் சரிபார்க்கிற ஒரு வடிவமைப்பு அது. என் துறையில் நான் பார்த்த நல்ல காரியங்களில் அதை முதல் வரிசையில் வைப்பேன்.

உங்கள் கடையில் பெட்டி இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால் அது பேசும் வரை பையைக் கையில் கொடுக்காதீர்கள். பெட்டி இல்லாவிட்டாலோ, அதற்குச் சிக்னல் இல்லாத நேரத்திலோ, உங்கள் போனில் உங்கள் செயலியைத் திறந்து வரவுப் பட்டியலைப் பாருங்கள். குறுஞ்செய்தியை மட்டும் நம்ப வேண்டாம், அதையும் போலியாக அனுப்புகிறார்கள். காலையில் கடை திறந்ததும் கவுன்ட்டரில் ஒட்டியிருக்கும் க்யூஆர் ஸ்டிக்கரை நீங்களே ஒருமுறை ஸ்கேன் செய்து உங்கள் பெயர் வருகிறதா என்று பார்ப்பதும் நல்லது. அதன்மேல் வேறு ஸ்டிக்கரை ஒட்டிவிட்டுப் போகிறவர்களும் உண்டு. 1,850 ரூபாய்தானே என்று விடாமல் உள்ளூர்க் காவல் நிலையத்தில் புகார் கொடுங்கள். சைபர் குற்றங்களுக்கான உதவி எண் 1930.

பணம் அனுப்பும்போது கடைசியில் திரை சட்டென்று மாறிவிடுகிறது. அதுவரை இருந்த நிறம், படம் எல்லாம் போய் ஒரு மொட்டைப் பக்கம் வந்து ரகசிய எண்ணைக் கேட்கிறது. நடுவில் யாரோ புகுந்துவிட்டார்களோ என்று ஒவ்வொரு முறையும் படபடப்பாக இருக்கிறது. "ஒண்ணும் ஆகாது, போடுங்க பாட்டி" என்கிறான் பேரன். ஏன் என்று கேட்டால் அவனுக்கும் தெரியவில்லை.
ஓய்வு பெற்ற ஆசிரியை, கும்பகோணம்

டீச்சர், இத்தனை வருடத்தில் இந்தக் கேள்வியை என்னிடம் கேட்டவர்கள் மிகக் குறைவு. நீங்கள் சரியாகக் கவனித்திருக்கிறீர்கள். அந்தப் பக்கம் உண்மையிலேயே வேறு ஒருவருடையதுதான்.

யுபிஐ அமைப்பை நடத்துவது என்பிசிஐ என்கிற தேசியப் பணப் பட்டுவாடாக் கழகம். 2016-ல் யுபிஐ வந்தது. ரகசிய எண்ணை வாங்கும் பக்கத்தைச் செயலி நிறுவனங்கள் தங்கள் இஷ்டத்துக்குச் செய்துகொள்ள முடியாது. என்பிசிஐ கொடுக்கும் ஒரே பொதுப் பக்கத்தைத்தான் எல்லோரும் தங்கள் செயலிக்குள் வைக்க வேண்டும். கூகுள் பே, போன்பே, பேடிஎம், பீம், எதைத் திறந்தாலும் அந்த இடத்தில் அதே பக்கம் வருவது அதனால்தான். நீங்கள் அழுத்தும் எண் அங்கேயே பூட்டப்பட்டு உங்கள் வங்கிக்குப் போகிறது. செயலி நிறுவனம் அதைத் தூக்கிக்கொண்டு போகிறதே தவிர, உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க முடியாது. தபால்காரர் ஒட்டிய கவரைக் கொண்டுபோவதைப் போல.

வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம், இவ்வளவு அழகாக எல்லாம் செய்துவிட்டு இந்த ஒரு பக்கம் மட்டும் ஒட்டாமல் நிற்கிறதே என்று, அதற்கும் எங்கள் நிறத்தைப் பூசி ஒரு மாதிரி வரைந்து கொண்டுபோனேன். என் மேலாளர் அதைப் பார்த்துவிட்டு ஒன்று கேட்டார்: "உங்க ஊர்ப் பலசரக்குக் கடையில எடைக்கல் யாரோடது?" கல் கடைக்காரருடையது, ஆனால் அதில் இருக்கும் முத்திரை அரசாங்கத்துடையது என்றேன். "அந்த முத்திரை மேல கடைக்காரர் பெயின்ட் அடிச்சா நீ நம்புவியா?" என்றார். வரைந்ததைத் திரும்ப எடுத்துக்கொண்டேன். ஒட்டாமல் நிற்பதுதான் அந்தப் பக்கத்தின் வேலை என்று அன்றைக்குப் புரிந்தது.

அடுத்த முறை படபடப்பு வந்தால் அந்த நேரத்தை இப்படிப் பயன்படுத்துங்கள். அந்தப் பக்கத்தில் உங்கள் வங்கியின் பெயர், போகப்போகிற தொகை, வாங்குகிறவர் பெயர் மூன்றும் இருக்கும். மூன்றையும் படித்த பிறகு எண்ணைப் போடுங்கள். 2025 ஜூன் 30-ல் இருந்து, அனுப்புவதற்கு முன் காட்டும் பெயர், வாங்குகிறவரின் வங்கிக் கணக்கில் பதிவான பெயராகவே இருக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. க்யூஆர் கோடுக்குள் யாரோ எழுதி வைத்த பெயரைக் காட்டக்கூடாது.

இன்னொன்று, உங்கள் வயதுக்காரர்கள் எல்லோருக்கும் சொல்லுங்கள். பணம் வாங்குவதற்கு ரகசிய எண் தேவையே இல்லை. அந்தப் பக்கம் வந்தாலே ஒன்று பணம் வெளியே போகிறது, இல்லை இருப்பைப் பார்க்கிறீர்கள், அல்லது அந்த மாதிரி உங்கள் அனுமதி வேண்டிய வேறு ஒரு காரியம். "உங்களுக்குப் பணம் அனுப்பியிருக்கிறேன், எண்ணைப் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள்" என்று போனில் சொல்லிப் பழைய கட்டில், பீரோ விற்றவர்களிடம் எல்லாம் பிடுங்கினார்கள். ஒருவர் இன்னொருவரிடம் பணம் கேட்டுக் கோரிக்கை அனுப்பும் வசதியை வைத்து நடந்த ஏமாற்று அது. 2025 அக்டோபர் 1-ல் இருந்து தனிநபர்களுக்கு இடையே அந்த வசதியையே என்பிசிஐ நிறுத்திவிட்டது. திரையில் எச்சரிக்கை எழுதி எழுதிப் பார்த்தோம், பயன் போதவில்லை. சில பொத்தான்களை எடுத்துவிடுவதுதான் சரி.

நண்பர்கள் நான்கு பேர் சேர்ந்து ஃபின்டெக் (நிதித் தொழில்நுட்ப) ஸ்டார்ட்அப் தொடங்கப் போகிறோம். நம்பிக்கை தரும் நிறம் நீலம் என்கிறார்கள். உண்மையா? லோகோவுக்கு எவ்வளவு செலவு செய்யலாம்?
கல்லூரி மாணவர், மதுரை

தம்பி, நீலத்துக்கு அப்படி ஒரு சக்தி இருந்தால் வேலை சுலபம். ஸ்டேட் பாங்கின் சாவித்துளை மாதிரியான நீல வட்டம் 1971-ல் வந்தது. தேசிய வடிவமைப்பு நிறுவனத்தைச் சேர்ந்த சேகர் காமத் வடிவமைத்தது. அரை நூற்றாண்டாக ஊர் ஊராக அந்த வட்டத்துக்குக் கீழே பென்ஷன் வாங்கியிருக்கிறோம், நகை அடகு வைத்திருக்கிறோம். நீலத்தைப் பார்த்தால் பாங்க் ஞாபகம் வருவதற்கு அந்த ஐம்பது வருடம் ஒரு காரணம். போன்பே ஊதாவில் வந்தது, கிரெட் கறுப்பில் வந்தது, மக்கள் பயன்படுத்தத்தான் செய்கிறார்கள். எந்த நிறத்தை எடுத்தாலும் அதை மாற்றாமல் வைத்திருங்கள், செயலி, ஸ்டிக்கர், குறுஞ்செய்தி எல்லாவற்றிலும் ஒரே மாதிரி இருக்கட்டும். நிறத்தைப் பற்றி எனக்குச் சொல்ல இருப்பது இவ்வளவுதான்.

ஆனால் உங்கள் கேள்வி எனக்கு அப்பாவை ஞாபகப்படுத்திவிட்டது. கூட்டுறவுச் சங்க போர்டு எழுதும்போது அவர் பெயரைச் சீக்கிரம் முடித்துவிடுவார். மூலையில் சின்னதாக வரும் பதிவு எண்ணுக்குத்தான் நேரம் எடுப்பார். நூல் பிடித்து, சாக்பீஸில் கோடு போட்டு, ஒவ்வொரு இலக்கமாக எழுதி, காகிதத்தோடு இரண்டு தடவை ஒப்பிட்டுப் பார்ப்பார். "பேரை யார் வேணும்னாலும் வச்சுக்கலாம். நம்பரை ஒருத்தர் குடுக்கணும்" என்பார்.

தொண்ணூறுகளில் ஒரு நிதி நிறுவனம் எங்கள் தெருவுக்குப் பக்கத்தில் திறந்தார்கள். பெரிய போர்டு, தங்க நிற எழுத்து, பின்னால் சிவப்பு. பதிவு எண் எங்கே என்று அப்பா கேட்டார். அப்புறம் சொல்கிறோம், இடம் விட்டு எழுதுங்கள் என்றார்கள். எழுதிக் கொடுத்தார், அழகான போர்டு. அந்த இடம் கடைசி வரை காலியாகவே இருந்தது. இரண்டு வருடம் கழித்து ஒரு திங்கட்கிழமை ஷட்டர் திறக்கவில்லை. பணம் கட்டியவர்கள் போர்டுக்குக் கீழே நின்றார்கள். அவர்களில் இட்லிக் கடை வைத்திருந்த ஒரு அம்மா அப்பாவிடம் வந்து, "உங்க எழுத்தைப் பார்த்து பாங்க் மாதிரி இருக்கேன்னுதான் கட்டினேன்" என்றார். அப்பா அன்று சாயங்காலம் ஏணியைத் தூக்கிக்கொண்டு போய், யாரும் சொல்லாமலே, அந்த எழுத்துகளின் மேல் வெள்ளையடித்துவிட்டு வந்தார். நான் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இப்படி ஏமாந்தவர்கள் அப்போது தமிழ்நாடு முழுக்க இருந்தார்கள். 1997-ல் முதலீட்டாளர்களைப் பாதுகாக்கத் தனிச் சட்டமே கொண்டுவர வேண்டியிருந்தது.

இது புதிதும் இல்லை. சென்னையில் அர்பத்நாட் என்ற ஆங்கிலேயக் கம்பெனி பாரி, பின்னி ஆகியவற்றோடு சேர்த்துச் சொல்லப்பட்ட பெரிய பெயர். வெள்ளைக்காரத் துரையின் பெயர், பழைய கம்பெனி என்பதைப் பார்த்து ஆயிரக்கணக்கானவர்கள் சேமிப்பைக் கொண்டுபோய்க் கொட்டினார்கள். 1906 அக்டோபரில் அது திவாலானது. அதன் தலைவர் சர் ஜார்ஜ் அர்பத்நாட் சிறைக்குப் போனார். அந்த அடிக்குப் பிறகுதான் வழக்கறிஞர் வி. கிருஷ்ணசாமி ஐயர் போன்றவர்கள் முன்நின்று இந்தியன் பாங்கைத் தொடங்கினார்கள். 1907 ஆகஸ்ட் 15-ல் அது செயல்படத் தொடங்கியது.

லோகோவுக்கு உங்களால் முடிந்ததைச் செலவு செய்யுங்கள், தவறில்லை. அதற்கு முன் மூன்று பக்கங்களை எழுதி முடியுங்கள். பணம் சிக்கிக்கொண்டால் வரும் பக்கம். கட்டணம் எவ்வளவு என்று சொல்லும் பக்கம், அதுவும் பணம் போவதற்கு முன்னால். புகார் சொல்ல ஒரு மனிதரை எப்படிப் பிடிப்பது என்று சொல்லும் பக்கம். நிறம், எழுத்துரு எல்லாம் அதற்குப் பிறகு. உங்கள் உரிம எண்ணோ, நீங்கள் கூட்டு வைத்திருக்கும் வங்கியின் பெயரோ, தேடாமல் கண்ணில் படும் இடத்தில் இருக்கட்டும். என் அப்பா எழுதியிருந்தால் எவ்வளவு கவனமாக எழுதியிருப்பாரோ அவ்வளவு கவனமாக எழுதுங்கள்.

என் சித்தி மகள் ஒரு கடன் செயலியில் 8,000 ரூபாய் வாங்கினாள். கைக்கு வந்தது 5,200. ஏழு நாளில் முழுத்தொகையும் கட்டச் சொல்லி, போனில் இருந்த எல்லா எண்களுக்கும் அசிங்கமாகச் செய்தி அனுப்பினார்கள். செயலி பார்க்க அப்படியே பாங்க் மாதிரி இருந்தது. "ரிசர்வ் வங்கி அங்கீகாரம் பெற்றது" என்று முத்திரையும் இருந்தது. எதைப் பார்த்து நம்புவது?
வாசகி, சேலம்

உங்கள் சித்தி மகள் மேல் எந்தத் தப்பும் இல்லை என்று முதலில் அவரிடம் சொல்லுங்கள். அவமானம் அனுப்பியவர்களுக்குத்தான். 1930-ல் புகார் செய்துவிட்டீர்களா?

முத்திரை, கேடயப் படம், தூண் வைத்த கட்டடம், பூட்டுச் சின்னம் எல்லாம் இலவசமாகக் கிடைக்கும் படங்கள். யார் வேண்டுமானாலும் ஒட்டலாம். ஒட்ட முடியாதவற்றைப் பார்க்க வேண்டும். 2022 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி டிஜிட்டல் கடனுக்கு விதிகளைக் கொண்டுவந்தது, 2025-ல் அவற்றைத் திருத்தித் தொகுத்தது. அதன்படி கடன் கொடுப்பது எந்த வங்கி அல்லது எந்த வங்கிசாரா நிதி நிறுவனம் என்று பெயர் சொல்ல வேண்டும். கையெழுத்துக்கு முன் முக்கிய விவரத் தாள் ஒன்றைக் கொடுத்து, எல்லாக் கட்டணமும் சேர்த்து வருடத்துக்கு எத்தனை சதவீதம் ஆகிறது என்று ஒரே எண்ணாகக் காட்ட வேண்டும். 8,000 என்று சொல்லி 5,200 கொடுத்தார்களே, அதை அந்த ஒரு எண் உடைத்துக் காட்டிவிடும். பணம் நேரே கடன் கொடுப்பவர் கணக்கில் இருந்து உங்கள் கணக்குக்கு வர வேண்டும். வாங்கிய பிறகு வேண்டாம் என்று தோன்றினால் அசலையும் அந்த நாளுக்கான செலவையும் கட்டிவிட்டு, அபராதம் இல்லாமல் வெளியேற, குறைந்தது ஒரு நாளாவது அவகாசம் உண்டு.

செயலி உங்கள் போனில் உள்ள தொடர்பு எண்கள், அழைப்புப் பட்டியல், படங்கள் ஆகியவற்றைத் தொடவே கூடாது. "தொடர்புகளைப் பார்க்க அனுமதிக்கவா" என்று ஒரு கடன் செயலி கேட்கும் அந்தச் சின்னப் பெட்டிதான் அதன் உண்மையான முகம். அழகெல்லாம் அங்கே முடிந்துவிடுகிறது. வேண்டாம் என்பதை அழுத்திவிட்டு அந்தச் செயலியையே நீக்கிவிடுங்கள். முறையான கடன் செயலிகளின் பட்டியலை ரிசர்வ் வங்கி 2025 ஜூலையில் இருந்து தன் இணையதளத்தில் வைத்திருக்கிறது. பெயர் அங்கே இருக்கிறதா என்று பார்க்க இரண்டு நிமிடம் ஆகும்.

என் துறைக்காரர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் ஒன்று சொல்கிறேன். "வேண்டாம்" பொத்தானைச் சாம்பல் நிறத்தில் மங்கலாக வைப்பது, காப்பீட்டுக்கு முன்கூட்டியே டிக் போட்டு வைப்பது, "எனக்குப் பாதுகாப்பு தேவையில்லை" என்று எழுதி மறுப்பவரைக் குற்றவாளியாக்குவது, இவையும் ஏமாற்றுதான். 2023 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இப்படிப்பட்ட 13 வகைகளைப் பட்டியலிட்டுத் தடை செய்தது. இதில் ஒன்றைச் செய்யச் சொல்லி எனக்கும் உத்தரவு வந்ததுண்டு. இரண்டு வாரம் மறுத்தேன். வேறு ஒருவர் செய்தார்.

பங்குச் சந்தையில் முதலீடு செய்ய ஒரு புரோக்கருக்குப் பணம் அனுப்ப வேண்டும். அவர் கொடுத்த யுபிஐ முகவரி உண்மையானதா என்று எப்படித் தெரியும்?
வங்கி ஊழியர் அல்லாத வாசகர் என்று கையெழுத்திட்டவர், திருச்சி

பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் அமைப்பான செபி இதற்கு 2025 அக்டோபர் 1-ல் இருந்து ஒரு அடையாளம் கொண்டுவந்திருக்கிறது. பதிவு பெற்ற நிறுவனங்களின் முகவரியில் @ குறிக்குப் பிறகு "வேலிட்" என்ற ஆங்கிலச் சொல்லும் வங்கியின் பெயரும் சேர்ந்து வரும். பணம் அனுப்பும்போது பச்சை முக்கோணத்துக்குள் கட்டைவிரல் உயர்த்திய சின்னம் தெரியும். அந்தச் சின்னம் தெரிய வேண்டியது உங்கள் செயலியில். வாட்ஸ்அப்பில் அவர் அனுப்பும் படத்தில் இருந்தால் அதற்கு மதிப்பில்லை. இதே வரிசையில் வங்கிகளின் இணைய முகவரிகளும் இப்போது பாங்க் டாட் இன் என்று முடிகின்றன. 2025 அக்டோபர் 31-க்குள் எல்லா வங்கிகளும் அதற்கு மாற வேண்டும் என்று ரிசர்வ் வங்கி கெடு வைத்திருந்தது.

பெரிய நடிகர் விளம்பரத்தில் வரும் வாலட்டில் பணம் போட்டு வைக்கலாமா?
வாசகர், நாகர்கோவில்

பால், பஸ், கரன்ட் பில் செலவுக்கு வேண்டியதைப் போட்டு வையுங்கள். சேமிப்பு வங்கியில் இருக்கட்டும். வங்கி வைப்புக்கு ஒருவருக்கு ஒரு வங்கியில் 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு. வாலட் பணம் வைப்புத்தொகை ஆகாது, வட்டியும் கிடையாது. நடிகர் இந்த இரண்டையும் மாற்ற முடியாது.

3-ம் தேதி என் தம்பிக்கு 6,500 ரூபாய் அனுப்பினேன். "உங்கள் பரிவர்த்தனை நிலுவையில் உள்ளது" என்று வந்தது. போய்விட்டதா இல்லையா என்று தெரியாமல் ஆறு நாள் தூக்கம் இல்லை. 9-ம் தேதி பணம் என் கணக்குக்கே திரும்பி வந்தது. அந்தச் சொல்லுக்கு என்னதான் அர்த்தம்?
தையல் கடை வைத்திருக்கும் வாசகி, தென்காசி

இந்தக் கடிதத்தைத்தான் முதலில் எடுத்து வைத்தேன், கடைசியில் எழுதுகிறேன்.

வேலையில் இருந்தபோது ஒரு வாரம் வாடிக்கையாளர் சேவை மையத்தில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு அழைப்புகளைக் கேட்டேன். மூன்றாம் நாள் ஒரு பெண். ஆஸ்பத்திரி கவுன்ட்டரில் நின்று பேசுகிறார், பின்னால் டோக்கன் கூப்பிடும் சத்தம் கேட்கிறது. 22,000 ரூபாய், அதே வாசகம், நிலுவையில் உள்ளது. எங்கள் ஆள் விளக்கம் சொல்லிக்கொண்டே போகிறார். அந்தப் பெண் நிறுத்தினார். "போச்சா, போகலையா? அதை மட்டும் சொல்லுங்க. நான் இன்னொருதடவை அனுப்பலாமா, கூடாதா?"

"நிலுவை" என்றால் நம் ஊரில் பாக்கி. கடன் நிலுவை, வரி நிலுவை என்போம். யாரோ ஆங்கிலத்தில் எழுதியதை அகராதி பார்த்து மாற்றியிருக்கிறார்கள். படித்தவருக்கே, நான் பாக்கி வைத்திருக்கிறேனா, அவர்கள் வைத்திருக்கிறார்களா என்று புரியாது. அழகான பச்சை டிக்குக்கு மாதக்கணக்கில் உழைத்த நாங்கள் இந்த ஒரு வரியை ஒரு மதியத்தில் மொழிபெயர்ப்புக்கு அனுப்பிவிட்டு மறந்திருந்தோம். எல்லாம் சரியாக நடக்கும்போது யாரும் திரையைப் படிப்பதில்லை. பணம் சிக்கிய அன்றுதான் ஒவ்வொரு எழுத்தாகப் படிப்பார்கள்.

நான் எழுதிக் கொடுத்தது இது: "உங்கள் கணக்கில் இருந்து 22,000 ரூபாய் எடுக்கப்பட்டுவிட்டது. அவர்களுக்கு இன்னும் போய்ச் சேரவில்லை. இந்தத் தேதிக்குள் சேரும், இல்லாவிட்டால் உங்களுக்கே திரும்பி வரும். இப்போது மறுபடி அனுப்ப வேண்டாம்." தேதி போடக் கூடாது, நாளைக்கு அதைப் பிடித்துக்கொண்டு வழக்குப் போடுவார்கள் என்று சட்டப் பிரிவு சொன்னது. பல கூட்டங்கள் நடந்தன. கடைசியில் ரிசர்வ் வங்கியின் 2019 செப்டம்பர் சுற்றறிக்கையைப் பிரதி எடுத்துக்கொண்டு போனேன். தேதியை நாம் புதிதாகக் கொடுக்கவில்லை, ஏற்கெனவே கொடுத்துவிட்டார்கள் என்று காட்டினேன். தேதியோடு அந்த வாசகம் வந்தது.

அந்தச் சுற்றறிக்கை உங்களுக்கும் வேண்டியது, அதனால் விவரமாகச் சொல்கிறேன். யுபிஐ-யில் ஒருவர் இன்னொருவருக்கு அனுப்பிய பணம் கணக்கில் இருந்து போய், அவருக்குச் சேராமல் நின்றால், அனுப்பிய நாளுக்கு மறுநாளுக்குள் தானாகத் திரும்பி வர வேண்டும். கடைக்கு அனுப்பியது என்றால் ஐந்து நாள். அதற்கு மேல் தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு. நீங்கள் கேட்காமலேயே கொடுக்க வேண்டும் என்பது விதி.

உங்கள் கணக்கைப் பார்ப்போம். 3-ம் தேதி அனுப்பினீர்கள், 4-ம் தேதிக்குள் வந்திருக்க வேண்டும், 9-ம் தேதி வந்தது. ஐந்து நாள் தாமதம். உங்களுக்கு 500 ரூபாய் வர வேண்டும். பாஸ்புக்கில் அது ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். ஏறவில்லை என்றால், செயலியில் அந்தப் பரிவர்த்தனையைத் திறந்தால் 12 இலக்க எண் ஒன்று இருக்கும். அதை ஒரு தாளில் குறித்துக்கொண்டு உங்கள் வங்கிக் கிளைக்குப் போய் எழுத்தில் புகார் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், அதற்கான தகவல் எண் 14448. அந்த 500 ரூபாய் வந்ததும் எனக்கு ஒரு கார்டு போடுங்கள்.